கிடைக் காவலன்

கும்பகோணத்திலிருந்து திருவாரூருக்குச் செல்லும் வழியில், காவிரியின் கிளையாறுகள் வளம் பெருக்கும் வயல்களின் நடுவே அமைந்துள்ளது குடவாசல் என்னும் பழம்பதி. சங்க காலத்தில் இதற்குக் குடவாயில் என்பது பெயர். அகநானூறு, நற்றிணை, குறுந்தொகை ஆகிய தொகைநூல்களில் இடம்பெற்ற குடவாயிற் கீரத்தனார் என்னும் புலவர் இவ்வூரினர். யானை ஏற இயலாதவாறு உயர்ந்த மேடைமீது கோச்செங்கட் சோழன் எடுப்பித்தனவாகக் கூறப்படும் மாடக்கோயில்களுள் ஒன்று இங்கு உள்ளது.

அச்சோழனொடு போரிட்டுத் தோற்ற சேரமான் கணைக்கால் இரும்பொறை குடவாயிற் கோட்டத்தில் சிறையிருந்தான் என்று புறநானூற்றின் பழங்குறிப்பு உரைக்கின்றது. நீர் வேட்கையால் தண்ணீர் கேட்ட அவனுக்குக் காவலர் காலந்தாழ்த்தியே கொடுத்தனர். மானமே பெரிதென எண்ணிய மன்னன் அந்நீரைப் பருகாது உயிர் துறந்தான். அவன் பாடியதாக வழங்கும் பாட்டு, புறநானூற்றில் 74ஆம் பாட்டாக உள்ளது. அதில் அவன், சிறைப்பட்ட தன் நிலையைச் சங்கிலியால் பிணிக்கப்பட்ட நாயின் நிலைக்கு ஒப்பிட்டு வருந்துகின்றான். மானம் இழந்த மன்னனுக்கு நாய் இழிவின் அடையாளமாகத் தோன்றியது. ஆயினும், அதே குடவாயிலைச் சூழ்ந்த வயல்களில், எச்சங்கிலியும் இன்றி அன்பினால் மட்டுமே பிணிக்கப்பட்டுத் தன் கடமையைச் செய்யும் நாயையும் காணலாம். அதுவே கிடை நாய்.

தை, மாசித் திங்கள்களில் சம்பா அறுவடை முடிந்ததும், தாளடி மட்டும் எஞ்சிய வயல்களை நோக்கி ஆட்டு மந்தைகள் வரத் தொடங்கும். இராமநாதபுரம், சிவகங்கை முதலிய வானம் பார்த்த சீமைகளிலிருந்து அவற்றை ஓட்டி வருபவர் மேய்ச்சல் குடியினர். மந்தையின் தலைவருக்குக் கீதாரி என்று பெயர். பகலெல்லாம் ஆடுகள் வயல்களிலும் வாய்க்கால் கரைகளிலும் மேயும். இரவில் அவற்றை ஒரு வயலில் வளைத்து மடக்கி வைப்பர். இதனைக் கிடை போடுதல் என்பர். ஆட்டுப் புழுக்கையும் சிறுநீரும் நிலத்திற்கு உரமாகும். மாட்டெருவின் பயன் மறு ஆண்டில் தெரியும், ஆட்டெருவின் பயனோ அவ்வாண்டிலேயே தெரியும் என்பது உழவர் பட்டறிவு. ஆதலின் நிலமுடையார் கிடைக்குக் கூலியாக நெல்லோ பணமோ தருவர். மேட்டூர் அணை 1934ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற பின்னர், ஜூன் திங்கள் 12ஆம் நாளில் பாசனத்திற்கு நீர் திறப்பது வழக்கமாயிற்று. வாய்க்காலில் புதுநீர் வந்து உழவு தொடங்குமுன் மந்தைகள் வேறிடம் பெயர்ந்துவிடும்.

வீடும் மதிலும் இல்லாத திறந்த வெளியில் நூற்றுக்கணக்கான ஆடுகளைக் காப்பது எளிதன்று. பகலில் நடந்து களைத்த மனிதர் இரவில் அயர்ந்து உறங்குவர். அப்பொழுது விழித்திருப்பது நாய் ஒன்றே. நரி வந்தாலும், தெருநாய்க் கூட்டம் வந்தாலும், ஆடு திருடும் கள்வர் வந்தாலும் முதலில் அறிவது அதுவே. குரைத்துக் கூட்டத்தை எழுப்புவதும், எதிர்த்துப் பாய்வதும், குட்டிகளைச் சுற்றிச் சுற்றி வருவதும் அதன் தொழில். கீதாரி உண்ணும் கஞ்சியில் ஒரு பங்கே அது பெறும் ஊதியம்.

நாயின் இக்கடமையுணர்வைத் தமிழர் பண்டே போற்றினர். திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்த எடுத்தனூரில், 7ஆம் நூற்றாண்டில் ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. கருந்தேவக்கத்தி என்னும் வீரன் இறந்துபட்டதை அக்கல் கூறுகின்றது. அம்மட்டோடு நில்லாமல், கோவிவன் என்னும் நாய் கள்வரைக் கடித்துக் காத்து நின்றதையும் கூறுகின்றது. வீரனுடைய உருவத்தோடு நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் கழிந்த பின்னும் ஒரு நாயின் பெயர் கல்லில் நிலைத்திருப்பது எத்துணை வியப்பு!

நாலடியாரும் நாயின் பண்பை எடுத்துக்காட்டுகின்றது. பலநாள் பழகியும் யானை தன் பாகனையே கொல்லக்கூடும். நாயோ, தன் தலைவன் எறிந்த வேல் தன் உடலில் தைத்து நிற்கும்போதும் வாலைக் குழைத்து நிற்கும். ஆகவே நாயனையார் நட்பையே கொள்ள வேண்டும் என்பது அந்நூலின் கருத்து. இப்பண்பில் ஓர் இடரும் மறைந்துள்ளது. துன்பத்திலும் வாலைக் குழைக்கும் விலங்கு, தன் நோயை வெளியே காட்டாது. அது நோயுற்றிருப்பதைத் தலைவன் உணரும்போது நோய் முற்றியிருக்கும். அவ்வேளையில் செய்ய வேண்டுவது யாது? செய்யத் தகாதது யாது? கிடை ஒன்றில் நிகழக்கூடியதை ஒரு கதையாகக் கண்டால் இது தெளிவாக விளங்கும்.

மாசித் திங்களில் ஒரு நாள். குடவாசலுக்கு அருகில், அறுவடை முடிந்த வயல் ஒன்றில் கீதாரி ஒருவர் கிடை போட்டிருந்தார். அவருடன் அவர் மனைவியும், பன்னிரண்டு வயதுடைய மகனும் இருந்தனர். கிடைக்குக் காவல், செவலை என்னும் ஐந்து வயது நாய். சிறுவன் நடை பழகிய வயல்களை அடுத்தே செவலையும் ஓடி வளர்ந்தது. இருவரும் ஒரே சாக்கின்மேல் படுத்துறங்கிய இரவுகள் பல.

அன்று விடியற்காலையில் செவலை எழுந்து வரவில்லை. கருவேல மரத்தின் அடியில் படுத்திருந்தது. சிறுவன் கஞ்சியை ஊற்றி அழைத்தான். நாய் தலையைத் தூக்கி வாலை அசைத்தது. தள்ளாடி எழுந்து கலத்தருகே வந்தது. ஆனால் அதனால் உண்ண முடியவில்லை. கீழ்த்தாடை தொங்கியிருந்தது. வாயிலிருந்து நீர் இடையறாது வழிந்தது. தண்ணீரை வைத்தபோது வாயை அதில் தோய்த்தது. ஒரு மிடறும் உள்ளே இறங்கவில்லை. குரைக்க முயன்றது. குரல் மாறி ஒலித்தது.

“அப்பா! செவலையின் தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது. நான் எடுத்துவிடுகிறேன்” என்று கூறிக்கொண்டே சிறுவன் நாயின் வாயை நோக்கிக் கையை நீட்டினான்.

“நில்! தொடாதே!” என்று கீதாரி உரத்த குரலில் தடுத்தார். அவர் இளைஞராக இருந்தபோது, வேறொரு கிடையில், இவ்வாறே வாய் திறந்து நின்ற நாயின் தொண்டையில் கைவிட்ட மேய்ப்பர் ஒருவர் சில வாரங்களுக்குப் பின் தண்ணீரைக் கண்டு நடுங்கி இறந்ததை அவர் அறிவார். அந்நினைவு அவர் மகனுடைய கையைக் காத்தது.

கீதாரியின் மனைவி ஆட்டுக் குட்டிகளை அடைக்கும் பெரிய ஓலைக் கூடாப்பைக் கொண்டுவந்தார். நாய் மீண்டும் படுத்ததும், நீண்ட கழியின் உதவியால் தொலைவில் நின்றவாறே அதனை நாயின்மேல் கவிழ்த்தனர். அதன்மேல் பாரமான கட்டை ஒன்றை வைத்தனர். ஆடுகளை அவ்விடத்தினின்று அகற்றினர். கீதாரி குடவாசலில் உள்ள கால்நடை மருத்துவரை அழைத்து வரச் சென்றார்.

வழியில் வேறு மந்தையைச் சேர்ந்த ஒருவர், “எதற்கு மருத்துவர்? வெறிபிடித்த நாயை அடித்துப் புதைத்துவிட வேண்டியதுதானே!” என்றார். மற்றொருவர் பச்சிலைச் சாற்றை வாயில் ஊற்றுமாறு கூறினார். கீதாரி இரண்டையும் ஏற்கவில்லை. நோய் இன்னதென்று அறியாமல் கொல்வது, காப்பாற்றத்தக்க உயிரை அழிப்பதாகவும் முடியலாம். விழுங்க இயலாத வாயில் மருந்து ஊற்றுவதோ, ஊற்றுபவர் உயிரையே இழக்கச் செய்யலாம்.

மருத்துவர் வந்து, கூடாப்பின் இடைவெளி வழியாக நாயை நெடுநேரம் உற்று நோக்கினார். பின்பு கீதாரியை நோக்கி, “ஆண்டுதோறும் இதற்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டதுண்டா?” என்று வினவினார்.

“குட்டியாக இருந்தபோது ஒருமுறை போட்டோம், ஐயா. பின்பு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்ததில் விட்டுப்போயிற்று” என்றார் கீதாரி.

“அண்மையில் இதனை வேறு விலங்கு கடித்ததா?”

“மார்கழியில் ஓர் இரவு நரி ஒன்று குட்டிகளிடம் வந்தது. செவலைதான் அதனை விரட்டிற்று. மூக்கின்மேல் கடிபட்டிருந்தது. மஞ்சள் வைத்தேன். ஆறிவிட்டது.”

மருத்துவர் பெருமூச்செறிந்தார். “காயம் ஆறியது. காயத்தின் வழியே புகுந்த நச்சுயிர் ஆறவில்லை. இது வெறிநோயாக இருக்கலாம் என்று அஞ்சுகிறேன்” என்றார்.

கடமை செய்த வாயிலாகவே நோய் வந்து புகுந்தது என்பதை அறிந்து கீதாரி தலை குனிந்தார். மருத்துவர் அடுத்துச் சிறுவனை அருகில் அழைத்து, “தம்பி, அண்மையில் செவலை உன்னைக் கடித்ததா? உன் கையில் உள்ள புண்ணை நக்கியதா?” என்று கேட்டார்.

சிறுவன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். “இல்லை” என்று தலையசைத்தான். மூன்று நாளைக்கு முன் தழை வெட்டும்போது அரிவாள் பட்டு அவன் விரலில் காயம் ஏற்பட்டிருந்தது. அன்று மாலை செவலை அதனை நக்கிக் கொடுத்தது. இவ்வுண்மையைச் சொன்னால் செவலையை அடித்துக் கொன்றுவிடுவார்கள் என்பதே அவன் அச்சம். ஊசியைப் பற்றிய அச்சமும் இல்லாமல் இல்லை.

மருத்துவர் சினங்கொள்ளவில்லை. “தம்பி, நீ எதைச் சொன்னாலும் செவலையை யாரும் அடிக்கமாட்டார்கள். உன்னையும் யாரும் ஏசமாட்டார்கள். செவலைக்கு நாம் செய்யக்கூடியது இப்பொழுது மிகக் குறைவு. உனக்குச் செய்யக்கூடியதோ மிகுதி. நீ மறைத்தால் அதனையும் செய்ய முடியாமற் போகும்” என்றார். சிறுவன் அழுதுகொண்டே கையை நீட்டினான்.

வெறிநோய் நச்சுயிர் நோயுற்ற விலங்கின் உமிழ்நீரில் இருக்கும். கடிவாயின் வழியாகவோ, புண்ணின்மேல் நக்குவதாலோ உடலில் புகும். அது குருதியில் விரைந்து பரவுவதன்று. நரம்புகளின் வழியே மெல்ல ஊர்ந்து மூளையை நோக்கிச் செல்லும். அப்பயணத்திற்குச் சில வாரங்களோ சில திங்கள்களோ ஆகலாம். மூளையை அடைந்து அறிகுறிகள் தோன்றிவிட்டால், மனிதராயினும் விலங்காயினும் உயிர் பிழைப்பது மிக மிக அரிது. மூளையை அடைவதற்கு முன் உடலில் எதிர்ப்பாற்றலை உண்டாக்கிவிட்டால் உயிர் தப்பும். கடிபட்ட பின்னரும் தடுப்பூசி பயன்படுவதற்குக் காரணம் இதுவே.

வெறிகொண்ட நாய் எப்பொழுதும் சீறிக் கடிக்க ஓடும் என்று பலர் எண்ணுவர். அவ்வாறு ஓடுவதும் உண்டு. ஆயின், சீற்றமின்றித் தாடை தொங்கி, உடல் முடங்கி, மூலையில் ஒதுங்கிக் கிடக்கும் வகையும் உண்டு. இந்த இரண்டாம் வகையே அன்புடையாரை ஏமாற்றுவது. எலும்பு சிக்கியதோ என்று எண்ணி இரக்கத்தால் கைவிடுவோர் நோயின் வாயிலேயே கைவிடுகின்றனர். அறியாத அன்பு தீமையின் கருவியாவது இவ்வாறே.

இந்நோய்க்கு மாற்றுக் கண்ட வரலாற்றிலும் ஒரு மேய்ப்பனுக்கு இடம் உண்டு. பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர் 1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள், வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தம் தடுப்பு மருந்தை முதன்முதலாகச் செலுத்தினார். சிறுவன் பிழைத்தான். அவ்வாண்டு அக்டோபர் திங்களில் மற்றொருவனைப் பாஸ்டரிடம் அழைத்து வந்தனர். அவன் பெயர் ழான் பாப்டிஸ்ட் ழூப்பீய். வயது பதினைந்து. தொழில் ஆடு மேய்த்தல். மேய்ச்சல் நிலத்தில் சிறுவர் சிலர்மேல் வெறிநாய் ஒன்று பாய வந்தபோது, அவர்களை ஓடவிட்டுத் தான் மட்டும் எதிர்த்து நின்றான். கைகளில் கடிபட்டும் அஞ்சாமல், சாட்டைக் கயிற்றால் நாயின் வாயைக் கட்டி, தன் மரக்காலணியால் அடித்து வீழ்த்தினான். கடிபட்டு ஆறு நாள்கள் ஆகியிருந்தும் பாஸ்டரின் மருந்து அவனைக் காத்தது. பிற்காலத்தில் அவன் பாரிசிலுள்ள பாஸ்டர் நிலையத்திலேயே பணியாற்றினான். நாயுடன் அவன் போராடும் காட்சி அங்குச் சிலையாக அமைக்கப்பட்டுள்ளது.

இந்தியாவில் இம்மருத்துவத்திற்கென முதல் நிலையம் இமயமலைச் சாரலிலுள்ள கசௌலியில் 1900ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. தென்னாட்டில் கடிபட்டவர் அத்துணைத் தொலைவு சென்று சேருவது அரிதாக இருந்தது. பின்னர் 1907ஆம் ஆண்டில் நீலகிரியிலுள்ள குன்னூரில் ஒரு பாஸ்டர் நிலையம் திறக்கப்பெற்றது. டேவிட் செம்பிள் என்பார் கசௌலியில் ஆக்கிய தடுப்பு மருந்து நெடுங்காலம் நாடெங்கும் வழங்கியது. அம்மருந்து ஆட்டின் மூளையிலிருந்து செய்யப்பட்டது. வயிற்றில் நாள்தோறும் பல ஊசிகளாகப் போடப்பட்டது. வலியும் பின்விளைவும் மிகுந்த அம்முறை இந்தியாவில் 2004ஆம் ஆண்டின் இறுதியில் கைவிடப்பட்டது. அதன்பின், உயிரணு வளர்ப்பு முறையில் ஆக்கப்பட்ட தூய மருந்தே வழங்கப்படுகின்றது. அதனைப் பெரும்பாலும் கையில், நான்கு அல்லது ஐந்து தவணைகளாகப் போடுவர். வயிற்றில் ஊசி என்று அஞ்சி ஒளிவதற்கு இனி இடமில்லை.

கிடையில் மருத்துவர் முதலில் செய்வித்தது எளிய செயலே. வயலோரத்திலிருந்த பம்புசெட்டின் ஓடுநீரில், சவர்க்காரம் இட்டுச் சிறுவனின் காயத்தைப் பதினைந்து நிமிட நேரம் இடைவிடாமல் கழுவச் செய்தார். நச்சுயிரின் பெரும்பகுதியை இக்கழுவுதலே போக்கிவிடும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, எண்ணெய் முதலியவற்றைக் காயத்தில் அப்புவது தீங்கு. பின்பு சிறுவனை உடனே அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே காயத்தைச் சுற்றி நோயெதிர்ப்புப் புரதமும், கையில் தடுப்பூசியும் போடப்பட்டன. கஞ்சி வைத்துக் கலங்கழுவிய தாயும், நாயைத் தடவிக் கொடுத்த கீதாரியும் தக்க மருத்துவம் பெற்றனர்.

மாலையில் கீதாரி மருத்துவரிடம், “ஐயா, இது வெறிநோய்தான் என்று எப்படி உறுதியாகக் கூறுவது? வேறு நோயாக இருந்தால் செவலையைப் பட்டினி போட்ட பழி எனக்கு வராதா?” என்று கேட்டார். அக்கேள்வி பொருளுடையது.

“நல்ல கேள்வி” என்றார் மருத்துவர். “திடீரென நாய் சோர்ந்து விழுந்தால் அது வெறிநோயாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. நெல்விளையும் இந்நாட்டில் எலிகள் மிகுதி. எலியின் சிறுநீர் கலந்த வயல்நீரைக் குடித்த நாய்க்கு எலிக்காய்ச்சல் வரும். காய்ச்சலும் வாந்தியும் தோன்றும்; கண் மஞ்சளாகும். இந்நோயின் கிருமியை ஜப்பானிய அறிஞர் 1915ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். இதற்குப் பெனிசிலின் போன்ற நல்ல மருந்துகள் உண்டு. தொடக்கத்திலேயே கொடுத்தால் நாய் பிழைக்கலாம். ஆனால் அந்நாயின் சிறுநீர் பட்டால் மனிதருக்கும் அந்நோய் வரக்கூடும். குட்டி நாய்களைப் பார்வோ என்னும் நச்சுயிர் தாக்கும். குருதி கலந்த கழிச்சலும் வாந்தியும் அதன் அறிகுறிகள். உடலில் வற்றிய நீரை ஊசி வழியே ஈடுசெய்தால் பல குட்டிகள் பிழைக்கும். பாம்பு தீண்டியும் நாய் சோர்ந்து விழலாம். நச்சு முறி மருந்து காலத்தில் கிடைத்தால் அதுவும் பிழைக்கும். இவற்றையெல்லாம் பிரித்தறிவது எங்கள் தொழில். நோய் எதுவாயினும் நீங்கள் முதலில் செய்ய வேண்டியவை மூன்றே: நாயைத் தனிமைப்படுத்துங்கள், வாயில் கைவிடாதீர்கள், காலந்தாழ்த்தாது மருத்துவரை அழையுங்கள். நீங்கள் மூன்றையும் செய்தீர்கள். உங்கள்மேல் பழி இல்லை.”

நலமாகத் தோன்றும் நாய் ஒருவரைக் கடித்தாலும் அதனை அடித்துக் கொல்லலாகாது என்பதையும் மருத்துவர் விளக்கினார். அதனைக் கட்டிவைத்துப் பத்து நாள் நோக்க வேண்டும். பத்து நாளும் நலமுடன் இருப்பின், கடித்த நாளில் அதன் உமிழ்நீரில் நச்சுயிர் இல்லை என்று தெளியலாம். ஆனால் அதுவரை காத்திராமல் கடிபட்டவர் அன்றே மருத்துவத்தைத் தொடங்கிவிட வேண்டும்.

செவலையின் நோய் மறுநாள் முற்றியது. பின்கால்கள் முடங்கின. கூடாப்பின் உள்ளே நீர்க்கலம் இருந்தது. நீர் வேட்கையும் இருந்தது. விழுங்கும் வலிமை மட்டும் இல்லை. ஒரு காலத்தில் தண்ணீர் வந்தும் பருகாது மன்னன் ஒருவன் இறந்த மண்ணில், தண்ணீர் இருந்தும் பருக இயலாமல் ஓர் ஏழைக் காவலன் கிடந்தது. சிறுவன் எட்டி நின்று அதன் பெயரைச் சொல்லி அழைப்பான். நாயின் வால் மெல்ல அசையும். நான்காம் நாள் அவ்வசைவும் நின்றது. மருத்துவர் உரிய காப்போடு எடுத்தனுப்பிய மூளையின் பகுதியை ஆய்ந்தவர்கள், நோய் வெறிநோயே என்று உறுதி செய்தனர்.

கீதாரி வயல் வரப்புக்கு அப்பால் ஆழக் குழி வெட்டிச் செவலையைப் புதைத்தார். அன்றிரவு கிடையில் குரைப்பொலி இல்லை. கீதாரியும் மனைவியும் முறைவைத்து விழித்திருந்தனர். “நான் செவலையைத் தொடக்கூட இல்லையே, அம்மா! அது என்னை வெறுத்திருக்குமோ?” என்று சிறுவன் விம்மினான். தாய் அவனை அணைத்துக்கொண்டு, “அது விழித்திருந்து காத்ததெல்லாம் நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதற்குத்தான். நீ நன்றாக இருக்கிறாய். அதன் காவல் வீண்போகவில்லை” என்றாள்.

சிறுவன் மருத்துவர் குறித்த நாள்களில் ஒன்றும் தவறாமல் ஊசி போட்டுக்கொண்டான். கிடை வேறூருக்குப் பெயர்ந்தபோதும், அவ்வூரின் அருகிலிருந்த அரசு மருத்துவமனைக்குத் தந்தை அவனை அழைத்துச் சென்றார். இடையில் நிறுத்திவிட்டால் மருத்துவம் முழுமை பெறாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

அடுத்த ஆண்டு தைத் திங்களில் அதே கீதாரி குடவாசல் வயல்களுக்கு மீண்டும் வந்தார். சிறுவனின் காலடியில் கரிய குட்டி ஒன்று துள்ளி வந்தது. அதற்கு மூன்று திங்கள் நிரம்பியிருந்தது. கிடை போடுவதற்கு முன்பே தந்தையும் மகனும் அதனைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் சென்றனர். ஊசி போடும்போது சிறுவனே அதனைப் பிடித்துக்கொண்டான். மருத்துவர் தடுப்பூசி அட்டையில் அடுத்த தவணைக்குரிய நாளை எழுதிக் கொடுத்தார். சிறுவன் அதனை வாங்கி, அப்பா நெற்கணக்கு எழுதி வைக்கும் ஏட்டினுள் பத்திரமாக வைத்தான். “இனி எந்த ஊரில் இருந்தாலும் இந்நாளை நான் மறக்கமாட்டேன்” என்றான்.

நாய்களின் வாயிலாகவே மனிதர்க்கு வெறிநோய் பெரும்பாலும் வருகின்றது. ஓர் ஊரிலுள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால், அவ்வூரில் அந்நோய் பரவும் வழி அடைபடும் என்பர் அறிஞர். சென்னையில் 1903ஆம் ஆண்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றியது. காவிரி நாட்டிலேயே ஒரத்தநாட்டில் 2012ஆம் ஆண்டில் அத்தகைய கல்லூரி ஒன்று தொடங்கப்பெற்றது. கால்நடை மருத்துவ உதவியை நாட 1962 என்னும் தொலைபேசி எண்ணும் உள்ளது. பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28ஆம் நாள் ஆண்டுதோறும் உலக வெறிநோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகின்றது. மருந்து உண்டு, மருத்துவர் உண்டு, நாடிச் செல்லும் அறிவே வேண்டும்.

எடுத்தனூர்க் கோவிவனுக்கு அவ்வூரார் கல் நட்டனர். குடவாசல் வயலோரத்தில் புதைந்த செவலைக்குக் கல் இல்லை. ஆனால், குறித்த நாளில் தவறாது ஊசி போடப்பட்ட கரிய குட்டி, கிடையைச் சுற்றி ஓடி விளையாடியது. காவலனுக்குச் செய்யும் நன்றி, அவன் வீழ்ந்தபின் வடிக்கும் கண்ணீரில் மட்டும் இல்லை. அவன் வீழாதவாறு முன்னரே அறிந்து காப்பதில் உள்ளது.